முதுமைக்கு அளிப்பது பிச்சையா, உரிமையா?

புதுக்கோட்டைச் சீமையிலே குடுமியான்மலை என்றொரு கிராமம் உண்டு. அங்குள்ள குன்றின் சரிவிலே, ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென ஆராய்ச்சியாளர் கருதும் இசைக் கல்வெட்டு ஒன்று இன்றும் அழியாமல் நிற்கிறது. சிகாநாதர் கோயிலின் சுவர்களிலும் பாறைகளிலும் நூற்றுக்கு மேற்பட்ட சாஸனங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. விளக்குக்குப் பொன் கொடுத்தவர், நிவேதனத்துக்கு நிலம் விட்டவர், நிலத்தை விற்றவர், வாங்கியவர் எல்லோருடைய செய்கைகளும் அக்கற்களிலே பதிந்து கிடக்கின்றன. நம் முன்னோர் ஒரு தர்மத்தை ஏற்படுத்தினால், சந்திரனும் சூரியனும் உள்ளவரை அது நடக்க வேண்டுமென்று கல்லிலே வெட்டி வைப்பது வழக்கம். கொடுத்தவன் மனம் மாறினாலும், அவன் பேரன் கை சுருங்கினாலும், தர்மம் நின்றுவிடலாகாது என்பதே அதன் கருத்து. வாய்ச்சொல்லுக்கும் சாஸனத்துக்கும் உள்ள பேதத்தை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

அந்தக் குன்றின் அடியில் வாழும் எழுபது வயது மூதாட்டி ஒருத்தியை வாசகர்கள் தங்கள் மனக்கண்முன் நிறுத்திப் பார்க்குமாறு வேண்டுகிறோம். அவள் இன்னாள் என்று பெயர் சொல்ல வேண்டுவதில்லை. தமிழ்நாட்டில் அப்படிப்பட்டவள் இல்லாத கிராமம் இல்லை. பன்னிரண்டு வயதிலே வயலில் இறங்கியவள். ஐம்பது வருஷம் நாற்று நட்டாள், களை பறித்தாள், கதிர் அறுத்தாள். மழை பொய்த்த ஆண்டுகளில் கல்லுடைத்தாள். கண்மாயிலே மண் சுமந்தாள். அவள் உழைப்பால் விளைந்த நெல்லை உண்டவர்களுக்குக் கணக்கில்லை. இன்று அவளுக்குக் கண் மங்கிவிட்டது, இடுப்பு வளைந்துவிட்டது. அவளுக்குத் தேசம் செய்ய வேண்டிய கடமை யாது? அதைத் தேசம் பிச்சையாகச் செய்கிறதா, உரிமையாகச் செய்கிறதா? இன்று நாம் ஆராயப் புகுந்த விஷயம் இதுவே.

பிற தேசங்களின் வாழ்க்கைத் தரத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வருமானக் கணக்கையே எடுத்துக் கூறுகிறார்கள். இன்ன நாட்டில் தலைக்கு இத்தனை வருமானம், இன்ன நாட்டில் வீட்டுக்கு இத்தனை மோட்டார் வண்டி என்று அடுக்குகிறார்கள். அது பாதிக் கணக்கே. வேலை போன நாளில், நோயில் விழுந்த நாளில், கை கால் ஓய்ந்த நாளில் ஒரு மனிதனுக்கு என்ன நேர்கிறது என்பதே ஒரு நாட்டின் நாகரிகத்தை அளக்கும் மெய்யான கோல். அந்தக் கோலைக் கொண்டு உலகத்தைச் சற்றுச் சுற்றி வருவோம்.

தொழிலாளர்க்கு முதுமைக்காலப் பாதுகாப்பைச் சட்டமாக்குவதில் முந்திக்கொண்டது ஜெர்மனி. 1883-ஆம் ஆண்டு நோய்க்கால இன்ஷுரன்ஸும், 1884-ல் விபத்து இன்ஷுரன்ஸும், 1889-ல் முதுமைக்கும் ஊனத்துக்கும் உரிய இன்ஷுரன்ஸும் அங்கே சட்டமாயின. இவற்றை இயற்றிய பிஸ்மார்க் ஏழைகளிடம் இரக்கம் கொண்டு இளகியவர் அல்லர். அபேதவாதிகளின் செல்வாக்கைக் கண்டு அஞ்சி, தொழிலாளரைத் தம் ராஜாங்கத்தின் பக்கம் இழுப்பதற்காகவே அவர் இதைச் செய்தார். எழுபது வயது நிரம்பியவருக்கே ஊதியம் என்று விதித்ததால், அதைப் பெற உயிரோடிருந்தவர் சிலரே. எனினும் ஒரு கொள்கை நிலைபெற்றது. தொழிலாளியும் முதலாளியும் சர்க்காரும் சேர்ந்து பணம் செலுத்துவர். வயது வந்ததும் யாரையும் கெஞ்சாமல் தொழிலாளி தன் பங்கைப் பெறுவான் என்பதே அக்கொள்கை.

இங்கிலாந்தின் கதை நமக்கு இன்னும் நெருங்கியது. அங்கே 1834-ஆம் வருஷத்துத் தரித்திரச் சட்டத்தின்படி, உதவி வேண்டிய ஏழையைத் தொழிற்சாலை என்ற பெயருடைய ஒரு சிறையிலே அடைப்பது முறையாயிற்று. அங்கே கணவன் ஒரு புறம், மனைவி ஒரு புறம். பொதுநிதியிலிருந்து ஏழை நிவாரணம் பெற்றவன் வோட்டுரிமையை இழப்பான். 1918 வரை அந்த விதி முற்றிலும் நீங்கவில்லை. இந்தக் கொடுமைக்கிடையே 1908-ல் முதியோர் ஊதியச் சட்டம் வந்தது. 1909 ஜனவரி முதல் தேதி எழுபது வயதான ஏழைகள் தபாலாபீஸுக்குச் சென்று வாரம் ஐந்து ஷில்லிங் பெற்றுக்கொண்டார்கள். அவர்கள் அதற்காகச் சந்தா கட்டியதில்லை. தொகை சொற்பம், நிபந்தனைகளும் பல. குடியர், சோம்பேறி என்று கருதப்பட்டவர் விலக்கப்பட்டனர். ஆயினும் தர்மகர்த்தாவின் வாசலில் நின்ற கிழவன் தபாலாபீஸ் வாசலுக்கு மாறினான் என்பது சிறு மாறுதல் அன்று. முன்னது பிச்சை, பின்னது உரிமை.

அந்நாளிலும் பணக்காரர் பலர் கூக்குரலிட்டனர். ஏழைகள் சேமிப்பை மறந்துவிடுவார்கள், பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடுவார்கள், பொக்கிஷம் வற்றிவிடும் என்றெல்லாம் சொன்னார்கள். இங்கிலாந்து அழிந்துவிடவில்லை. உலக யுத்தத்தின் நடுவே, 1942 டிசம்பரில், பெவரிட்ஜ் தம் அறிக்கையை வெளியிட்டார். வறுமை, நோய், அறியாமை, அசுத்தம், வேலையின்மை என்னும் ஐந்து பூதங்களையும் ஒருங்கே எதிர்க்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1948 ஜூலை 5-ந் தேதி எல்லோருக்கும் இலவச வைத்தியம் அளிக்கும் தேசீய சுகாதார ஏற்பாடு அங்கே தொடங்கிற்று. யுத்தத்தால் நொடித்துப் போய், உணவுப் பங்கீட்டிலே காலம் தள்ளிய நாடு அது. செல்வம் வழிந்த காலத்தில் அதைச் செய்யவில்லை. கடன் மலைபோல் குவிந்த காலத்திலேதான் செய்தது.

"முதலில் செல்வம் சேரட்டும், பாதுகாப்பு தானே வரும்" என்று போதிப்போர் ஐக்கிய அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். உலகத்தின் மாபெரும் செல்வ நாடு அது. 1935-ல் அங்கே சமூகப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது; 1965-ல் முதியோர்க்கு வைத்திய இன்ஷுரன்ஸ் ஏற்பட்டது. எனினும் எல்லாப் பிரஜைகளுக்கும் வைத்திய உதவி என்பதை அந்நாடு இன்றளவும் ஏற்கவில்லை. தன் உற்பத்தியில் நூற்றுக்குப் பதினேழு பங்கை வைத்தியத்துக்கே செலவிட்டும், 2023-ஆம் ஆண்டில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோர் இன்ஷுரன்ஸ் இன்றி இருந்தார்கள். ஜப்பானோ 1961-லேயே எல்லோரையும் வைத்திய இன்ஷுரன்ஸுக்குள் கொண்டுவந்துவிட்டது. ஜப்பானியர் சராசரியாக எண்பத்து நான்கு வயது வரை வாழ்கிறார்கள். அமெரிக்கர் எண்பதை எட்டவில்லை. செல்வம் தானே பாதுகாப்பாக மாறிவிடாது. மனிதர் முயன்று மாற்ற வேண்டும்.

நமக்கு மிக அருகிலுள்ள இலங்கையிலிருந்து இரண்டு பாடங்கள் கற்கலாம். ஒன்று இனிப்பு, ஒன்று கசப்பு. 1931-லேயே அங்கே வயது வந்த ஆண் பெண் பெரும்பாலோருக்கும் வோட்டுரிமை கிடைத்தது. வோட்டு கேட்டு வந்தவன் வாக்காளனின் வயிற்றையும் நோயையும் கேட்க வேண்டியதாயிற்று. இலவச வைத்தியம் பரவிற்று. 1945-ல் இலவசக் கல்வி ஏற்பட்டது. அதனால் நம்மைவிடப் பெரிதும் செல்வமுடையதாக இராத காலத்திலேயே அத்தீவில் சிசு மரணம் குறைந்தது, ஆயுள் நீண்டது. இன்றும் அங்கே சராசரி ஆயுள் நம்மைவிடப் பல வருஷம் அதிகம்.

கசப்பான பாடம் யாது? அந்தச் செல்வத்துக்கெல்லாம் ஆதாரமான தேயிலையைக் கிள்ளியவர்கள் நம் தமிழர். புதுக்கோட்டை, திருச்சி, ராமநாதபுரம், சேலம் முதலிய சீமைகளிலிருந்து பஞ்சத்தால் துரத்தப்பட்டுக் கடல் கடந்தவர்களின் சந்ததியார். 1948-ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. வோட்டுப் போயிற்று; வோட்டுடன் குரலும் போயிற்று. நாட்டிலே மற்றவர்க்குப் பள்ளியும் ஆஸ்பத்திரியும் பெருகிய காலத்தில், தோட்டத்து லயத்து அறைகளில் வாழ்ந்தவர்கள் பின்தங்கியே நின்றார்கள். 1964-ஆம் வருஷத்து ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. நாடற்ற நிலை முற்றும் நீங்க 2003 வரை சென்றது. எவ்வளவு உயர்ந்த பாதுகாப்பாயினும் அது பிரஜையெனக் கணக்கிலே எழுதப்பட்டவனுக்கே கிட்டும். எழுதப்படாதவன் வேலிக்கு வெளியேதான்.

இன்று சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் செல்லும் நம் இளைஞர் இதை அனுபவத்தில் அறிவார்கள். சிங்கப்பூரின் மத்திய சேமநிதி 1955 முதல் நடந்துவருகிறது. வீடும் வைத்தியமும் முதுமையும் அதிலிருந்து கவனிக்கப்படுகின்றன. ஆனால் அது அந்நாட்டுப் பிரஜைகளுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. அனுமதிச் சீட்டோடு சென்று அங்கே மாளிகை கட்டும் புதுக்கோட்டை வாலிபனுக்கு அதில் பங்கில்லை. கை காலில் வலுவுள்ளவரை அவன் அந்நாட்டுக்குப் பயன்படுவான். முதுமையைக் கழிக்க அவன் வரவேண்டிய இடம் குடுமியான்மலையே. ஆகவே முதுமைப் பாதுகாப்பு என்னும் கேள்வியைக் கடலுக்கு அப்பால் தள்ளிவிட நம்மால் ஆகாது.

இனி நம் நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாடு இவ்விஷயத்தில் தலைகுனிய வேண்டிய நாடன்று. 1956-ல் காமராஜர் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு பரவிற்று, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் அது சத்துணவாக விரிந்தது. 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. மற்ற மாநிலங்கள் பலவற்றில் ஏழை என்று முத்திரை குத்தப்பட்டவனுக்கே ரேஷன் என்றிருக்க, இங்கே அரிசிக் கார்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் அரிசி உண்டு. 2011 முதல் அதற்கு விலையும் இல்லை. இவற்றின் பலன் கண்கூடு. 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பவை இந்தியா முழுவதற்கும் 28, மத்தியப் பிரதேசத்தில் 43, தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6. ஒரே கொடியின் கீழ், ஒரே அரசியல் சட்டத்தின் கீழ் இத்தனை வேற்றுமை! இதற்குக் காரணம் விதியன்று, கொள்கையே என்பதில் யாருக்கேனும் ஐயமுண்டோ?

புதுக்கோட்டையே இதற்கு மற்றுமோர் அத்தாட்சி. தாய்மாருக்கும் சேய்களுக்கும் தொண்டு செய்வதே வாழ்வாகக் கொண்ட டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி 1886-ல் பிறந்தது இம்மண்ணில்தான். கர்ப்பிணிகளுக்குத் தமிழக சர்க்கார் அளிக்கும் உதவித்தொகை அவ்வம்மையார் பெயராலேயே வழங்குகிறது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்துப் பெண்களைப் பல்லாயிரக்கணக்கில் எழுத்தறியச் செய்ததோடு, சைக்கிளிலும் ஏற்றிவிட்டது. அதே காலத்தில், பிறருக்குக் கல்லுடைத்து வந்த பெண்களின் குழுக்களுக்குக் கல்குவாரிகளையே குத்தகைக்கு விடும் துணிகரமான முயற்சியும் இங்கே நடந்தது. ஏழைக்கு இரங்குவது வேறு, ஏழையின் கையிலே அதிகாரத்தைக் கொடுப்பது வேறு என்பதை இம்மாவட்டம் கண்டறிந்திருக்கிறது.

அப்படியாயின் முதியோர் விஷயம் எப்படி இருக்கிறது? சென்னை ராஜ்யம் 1962-லேயே முதியோர் ஊதியத்தைத் தொடங்கிவிட்டது. மத்திய சர்க்கார் விழித்துக்கொண்டது முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1995 ஆகஸ்டு 15-ல். அப்போது மாதம் 75 ரூபாய். 2007-ல் திட்டம் விரிந்தபோது மத்திய சர்க்காரின் பங்கு 200 ரூபாய். எண்பது வயது கடந்தவர்க்கு மட்டும் 2011-ல் 500 ரூபாயாயிற்று. அறுபது முதல் எண்பது வரையுள்ளவர்க்கோ, பதினெட்டு ஆண்டுகள் சென்ற பின்னும் அதே 200 ரூபாய்தான். நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூட ஆகவில்லை! இக்காலத்தில் பண்டங்களின் விலை இரு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. அரசாங்க உத்தியோகஸ்தரின் பஞ்சப்படி ஆண்டுக்கு இருமுறை திருத்தப்பட்டது. கிழவியின் 200 ரூபாய் மட்டும் பாறைபோல் அசையாமல் கிடக்கிறது. குறையை ஈடுசெய்வது மாநில சர்க்காரின் தலையில் விழுந்திருக்கிறது. தமிழ்நாடு தன் பணத்தைச் சேர்த்து 2023-ல் தொகையை 1,200 ரூபாயாக உயர்த்தியது. அதுவும் நாளொன்றுக்கு நாற்பது ரூபாய். இரண்டு வேளைச் சோற்றுக்கு வரும், மருந்துக்கு வராது.

தொகையைவிட நம் நெஞ்சைச் சுடுவது நிபந்தனை. ஆதரவற்றவர் என்று நிரூபித்தால்தான் ஊதியம். பிள்ளை இருக்கிறானா, அவன் சோறு போடுகிறானா என்று கிராம அதிகாரி விசாரித்து எழுத வேண்டும். ஐம்பது வருஷம் உழைத்தவள் தன் மகன் தன்னைக் கைவிட்டான் என்று ஊரறிய ஒப்புக்கொண்டால்தான் அவளுக்கு மாதப்படி! மானமுள்ள தாய் இதைச் சொல்லத் துணிவாளா? இங்கிலாந்து நூறு வருஷத்துக்கு முன்னரே கைகழுவத் தொடங்கிய தரித்திரச் சட்டத்தின் நிழல் நம் காரியாலயங்களில் இன்னும் விழுந்துகிடக்கிறது.

புதுக்கோட்டைப் பெரியவர்கள் அம்மன் காசை மறந்திருக்க மாட்டார்கள். தொண்டைமான்களின் காலத்தில், நவராத்திரி நாட்களில், ஜனங்களுக்கு அரிசியும் அம்மன் காசும் வழங்குவது ஸமஸ்தானத்து வழக்கம். அணாவுக்கு இருபது என்னும் சின்னஞ்சிறு செப்புக்காசு அது. கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால் அது அரசனின் தயை. வரிசையில் நின்றவன் கை நீட்டினான். கொடுத்தவன் கை உயர்ந்திருந்தது. 1948 மார்ச் 3-ந் தேதி ஸமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. அரசன் போய், பிரஜையே அரசனானான். அங்ஙனமாயின் கை நீட்டும் வரிசையும் அன்றே ஒழிந்திருக்க வேண்டாமா? அம்மன் காசு ரூபாய் நோட்டாக மாறிற்று, வரிசை மாறவில்லை.

நம் அரசியல் சட்டத்தின் 41-வது ஷரத்து, வேலையின்மை, முதுமை, நோய், ஊனம் ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமையை, தன் பொருளாதார சக்திக்குட்பட்டு, ராஜ்யம் ஏற்படுத்த வேண்டும் என்று பணிக்கிறது. ஆனால் 37-வது ஷரத்து, இத்தகைய கட்டளைகளைக் கொண்டு எவரும் கோர்ட்டுக்குப் போக முடியாது என்கிறது. ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பெட்டிக்குள் பூட்டிவிட்டார்கள். சுதந்திரம் பெற்ற புதிதில், வெறும் பொக்கிஷத்தை வைத்துக்கொண்டு, அவ்வாறு செய்தது மன்னிக்கத் தக்கது. இன்றும் அந்தப் பூட்டைத் திறவாதிருப்பது மன்னிக்கத் தக்கதன்று.

1982 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு நகாரா வழக்கிலே, ஓய்வூதியம் என்பது எஜமானனின் தயையைப் பொறுத்த தானமன்று, முன்பு செய்த சேவைக்குரிய உரிமை என்று தீர்ப்புக் கூறிற்று. உத்தியோகஸ்தர் விஷயத்தில் எழுந்த தீர்ப்பு அது. நாம் கேட்பது இதுதான். காரியாலயத்தில் முப்பது வருஷம் பேனா பிடித்தது சேவை என்றால், வயலிலே ஐம்பது வருஷம் நாற்றுப் பிடித்தது சேவையாகாதா? தேசத்தின் உழைப்பாளிகளில் பத்தில் ஒன்பது பேர் எந்த மஸ்டர் ரோலிலும் நிரந்தரமாக இடம்பெறாதவர்கள். அவர்களுக்கென்று 2008-லும் 2020-லும் சட்டங்கள் இயற்றப்பட்டன. சந்தா கட்டினால் ஓய்வூதியம் என்று 2015-லும் 2019-லும் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. அவை நாற்பது வயதுக்குட்பட்டவர் சேரத் தக்கவை. இன்று எழுபது வயதானவள் தன் வாலிபத்துக்குத் திரும்பிச் சென்றா சந்தா கட்டுவாள்?

சட்டமாக எழுதிய உரிமை எவ்வளவு வலியது என்பதை 2005-ஆம் வருஷத்துக் கிராம வேலையுறுதிச் சட்டம் காட்டிற்று. வேலை கேட்பது பிரஜையின் உரிமை, கொடுக்காவிட்டால் படி தர வேண்டும் என்று அது எழுதி வைத்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அவ்வேலைக்குத் திரண்டவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். 2025 டிசம்பரில் பார்லிமெண்டு அச்சட்டத்தை நீக்கி, 125 நாள் வேலை என்னும் புதிய சட்டத்தை நிறைவேற்றிற்று. பெரும்பாலான மாநிலங்கள் செலவில் நூற்றுக்கு நாற்பது பங்கை ஏற்க வேண்டும் என்று அது கூறுகிறது. அம்மாறுதலின் நன்மை தீமைகளை வேறொரு நாள் ஆராய்வோம். சட்டமாக இருந்ததனாலேயே அதை மாற்றப் பகிரங்கமாகப் பார்லிமெண்டில் வாதாட வேண்டியிருந்தது என்பதை மட்டும் இன்று சுட்டுகிறோம். முதியோர் ஊதியத்தை வெட்டுவதற்கு அந்தச் சிரமம்கூட வேண்டாம்; ஓர் உத்தரவு போதும், ஓர் உத்தரவைப் போடாதிருப்பதும் போதும்.

"இந்தியா ஏழை நாடு, எல்லா முதியோர்க்கும் ஊதியம் எங்ஙனம் இயலும்?" என்று கேட்போர் வடக்கே இமயத்தைப் பார்க்கட்டும். நேபாளம் நம்மைவிட ஏழை நாடு. அது 1990-களின் நடுவில் முதியோர் படியைத் தொடங்கிற்று. இப்போது அறுபத்தெட்டு வயது நிரம்பிய பிரஜைகளுக்கு மாதம் 4,000 நேபாள ரூபாய் என்பது அங்கே விதி. நம் நாணயத்தில் அது 2,500 ரூபாய். ஆதரவற்றவனா, பிள்ளை கைவிட்டானா என்ற கேள்வியில்லை. வேறு ஓய்வூதியம் இல்லாதிருந்தால் போதும். தாய்லாந்தும் 2009 முதல் அரசாங்க ஓய்வூதியம் பெறாத முதியோர் எல்லோருக்கும் மாதப்படி அளித்துவருகிறது. நேபாளத்தால் இயன்றது நம்மால் இயலாதென்று சொல்ல நமக்கு வெட்கமாக இல்லையா?

எனினும் எதிர்வாதத்தின் உண்மையை நாம் மறைக்க மாட்டோம். பணம் வானத்திலிருந்து பொழிவதில்லை. டென்மார்க்கு முதலிய நாடுகள் தங்கள் உற்பத்தியில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வரியாக வாங்குகின்றன. நம் நாட்டில் மத்திய, மாநில சர்க்கார்கள் இரண்டும் சேர்ந்து வாங்குவது இருபதுக்குட்பட்டது. டேனிஷ் பாதுகாப்பு வேண்டும், ஆனால் வரி மட்டும் வேண்டாம் என்பவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். இலங்கை 2019-ல் வரிகளைத் தாராளமாகக் குறைத்தது. கடனும் பிற துன்பங்களும் கூட, 2022 ஏப்ரலில் கடனைத் திருப்ப இயலாதென்று கைவிரித்தது. அந்நெருக்கடியில் முதலில் வாடியவர்கள் ஏழைகளே. ஆகவே கடன் வாங்கி வழங்கும் பாதுகாப்பு பாதுகாப்பன்று. வசதியுடையவர் வரி செலுத்த வேண்டும். அந்த வசதியுடையவர்களில் இதைப் படிக்கும் நாமும் பலர் உண்டு. தேர்தலுக்குத் தேர்தல் புதுப்புதுப் பரிசுகளை அறிவிப்பதைவிட, ஒரு நிலையான உரிமையை நிறைவாகச் செய்வதே சிக்கனமும் ஆகும்.

தாமதத்துக்கு இடமில்லை என்பதையும் எண்ண வேண்டும். 2011-ஆம் வருஷ ஜனக்கணக்கின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயது கடந்தவர்கள். பிறப்பு விகிதமோ குறைந்துவிட்டது. 2020-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை. ஐரோப்பா செல்வம் சேர்த்த பின்னர் மூப்படைந்தது. நாம் செல்வம் சேருமுன்னரே மூப்படைகிறோம். ஊர்தோறும் ஒரே மகன்; அவனும் திருப்பூரிலோ துபாயிலோ இருக்கிறான். கூட்டுக் குடும்பம் தாங்கும் என்னும் பழைய வாதம் ஆள் இல்லாத வீட்டின் முன் நின்று செய்யும் வாதம்.

ஆதலால் நாம் வற்புறுத்துவது இவை. முதியோர் ஊதியம் சட்டமாக வேண்டும். மறுக்கப்பட்டவன் முறையிடவும், குறித்த காலத்துக்குள் பதில் பெறவும் அச்சட்டத்தில் வழி இருக்க வேண்டும். வேறு ஓய்வூதியமும் வருமான வரி கட்டும் வசதியும் இல்லாத முதியோர் யாவருக்கும் அது உரியதாக வேண்டும். ஆதரவின்மையை நிரூபிக்கும் அவமானம் ஒழிய வேண்டும். மத்திய சர்க்கார் தன் 200 ரூபாயை உடனே கௌரவமான அளவுக்கு உயர்த்த வேண்டும். உத்தியோகஸ்தரின் பஞ்சப்படி போல, விலைவாசி ஏறும்போது இத்தொகையும் தானே ஏற வேண்டும். மாதந்தோறும் குறித்த தேதியில் அது அவர்கள் கைக்குச் சேர வேண்டும்.

தேச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டுவதில்லை. உங்கள் ஊரில் அறுபது கடந்தவர் எத்தனை பேர், ஊதியம் பெறுவோர் எத்தனை பேர், விண்ணப்பம் கொடுத்துக் காத்திருப்போர் எத்தனை பேர் என்று வீடு வீடாகச் சென்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். கிராம சபை கூடும் நாளில் அந்தப் பட்டியலை எல்லோர் முன்னும் உரக்கப் படியுங்கள், தீர்மானமாகப் பதியுங்கள். மேடையில் உலக சரித்திரம் பேசுவதைவிட இது கடினமான தொண்டு. ஆயினும் சட்டங்கள் பிறப்பது இத்தகைய பட்டியல்களிலிருந்தே.

குடுமியான்மலைச் சாஸனங்களைப் படிப்பவர், ஆயிரம் வருஷத்துக்கு முன் ஒரு விளக்கு அணையாதிருப்பதற்கு நம் முன்னோர் எத்தனை முன்யோசனையோடு ஏற்பாடு செய்தார்கள் என்று வியப்பார்கள். எண்ணெய்க்கு எவ்வளவு நிலம், பொறுப்பு யாருடையது என்றெல்லாம் ஐயமின்றி எழுதி வைத்தார்கள். அவர்களுக்குக் கல் இருந்தது. நமக்குச் சட்டம் இருக்கிறது. மலையடியில் உட்கார்ந்திருக்கும் அந்த மூதாட்டியின் அடுப்பு அணையாதிருக்க ஒரு சாஸனம் செய்வது நம்மால் ஆகாதா? அதைச் செய்யும் நாளிலேதான் ஸ்வராஜ்யம் அவள் வாசலுக்கு வந்ததென்று நாம் சொல்லிக்கொள்ளத் தகும்.